மேலே யாரு?

லிஃப்டுக்காரர் தன் வாழ்நாளில் ஏறியும் இறங்கியும் கடந்த தூரத்தை எடுத்துத் தரையில் படுக்கப்போட்டால் இரண்டு மூன்று நாடுகளைத் தாண்டியிருக்கும். ஆனால் தரையில் ஏற்கெனவே படுத்திருக்கிற தூரம் எதையும் அவர் நடந்து பார்த்தவரல்ல. வீட்டிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து ஏதாவது ஒரு கட்டிடம், அப்புறம் நேரே மேலே. வயதாகிவிட்டது என்று கம்பெனியில் மாலை போட்டு அனுப்பியபோது அவருடைய கைகள் இரண்டும் பயில்வானுடைய கைகள். கால்கள் மட்டும் யாரோ இரவல் கொடுத்தவை மாதிரி இருந்தன.

அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டவர் ஒரு சித்தப்பா. அப்பாவின் தம்பி அல்ல, அம்மாவின் மூன்றாவது தங்கையைக் கட்டியவர். மூன்றாவது சித்தியைப் பெண் பார்க்க வந்துவிட்டு, தட்டு கொண்டுவந்த இரண்டாவது சித்தியைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் வீட்டையே கலக்கியவர். அது தனிக்கதை. மீசை முளைக்காத பையனாக இருந்த இவரை லிஃப்ட் கம்பெனி வாசலில் நிறுத்தி, "இவன் சாப்பாட்டைக் குறைவா சாப்பிடுவான், சந்து பொந்துல நுழைவான்" என்று சிபாரிசு செய்துவிட்டுப் போனார்.

லிஃப்ட் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் எப்போதும் இரண்டு ஆள் வேலை. ஒருவர் உச்சியில், மெஷின் ரூமில். இன்னொருவர் அடியில், குழியில். நடுவே பத்துப் பதினைந்து மாடி இருட்டும் கிரீஸ் வாசனையும். முகம் தெரியாது, குரல்தான். அதனால் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. எதையும் தொடும் முன்னால், எதையும் பேசும் முன்னால், "மேலே யாரு?" என்று கேட்க வேண்டும். மேலே இருப்பவன் தன் பேரைச் சொன்ன பிறகுதான் அடுத்த வார்த்தை. ஒருவன் கேட்காமல் விசையைத் தட்டப் போய், இன்னொருவன் தன் செருப்பைக் குழியிலேயே விட்டுவிட்டு வந்தான். செருப்புக்குள் ஒரு விரலும் இருந்தது.

இப்படியே வருஷக்கணக்காகக் கத்திப் பேசிப் பழகியதில் அவருக்கு ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. எதிரே முகம் இருந்தால் பேச்சு வராது. ஆள் மறைவில் இருந்தால் அடைமழை. கட்டிய மனைவியிடமே அவர் ஹாலில் இருந்துதான் பேசுவார், அவள் சமையலறையில் இருக்க வேண்டும். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதைச் சுவரிடம் சொல்வார். அவளும் கெட்டிக்காரி. இவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் எழுந்து சமையலறைக்குள் போய், வேலையே இல்லாமல் நின்றுகொள்வாள். அவள் செத்துப்போன பிறகும் சில நாள் அவர் ஹாலிலிருந்து பேசிப் பார்த்தார். குக்கர்கூடப் பதில் சொல்லவில்லை.

ஒரே மகன். அவனுக்குப் பெண் கொடுத்தவர் பெயிண்ட் கடைக்காரர். இரண்டு பெண்கள் அவருக்கு. மூத்தவள் கடல் தாண்டிப் போனாள், இளையவள் இந்த வீட்டு மருமகள். பெயிண்ட் கடை சம்பந்தி எதையும் முழு டப்பாவாகச் செய்கிறவர். அரை டப்பா என்பது அவர் அகராதியிலேயே இல்லை. அவருடைய மனைவி, மூத்த மகளுக்குப் பிரசவம் பார்க்கக் கடல் தாண்டியவள், பிரசவம் முடிந்து, குழந்தை நடந்து, பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரும் யோசனையே இல்லாமல் இருந்தாள். சம்பந்தியோடு ஒரு மாதம் குடித்தனம் செய்தவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

நடைக்கு வருவோம்.

லிஃப்டுக்காரரைப் பரிசோதித்த டாக்டர், "இந்தக் கால் இப்படியே இருந்தா இன்னும் கொஞ்ச நாள்ல நாலு பேர்தான் தூக்கணும். நடங்க" என்றார். அவர் தெருவில் நடந்து பார்த்தார். பார்க்கிறவர்கள் எல்லாம் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கேயும் இல்லை என்றால் சந்தேகப்பட்டார்கள். அப்போதுதான் கத்திரி ஒரு யோசனை சொன்னான். கத்திரி என்பவன் முடிதிருத்தும் கடைக்காரன், இவரோடு ஒரே வகுப்பில் படித்து, ஒரே வகுப்பில் ஃபெயிலாகி, ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவன். கடைக்கு வருகிறவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது காதில் எதையும் போடலாம் என்பதால் ஊர்ச்செய்தி எல்லாம் அவன் வழியாகத்தான் போகும்.

"ஊர்க் கோடியில செங்கல் சூளைக்காரர் காடு இருக்குல்ல, அதைத் திறந்து விட்டுட்டாங்கடா. நடக்கறதுக்குப் பாதை போட்டிருக்காங்க. ஒருத்தனும் எங்க போறேன்னு கேட்க மாட்டான். மரமெல்லாம் முடி வெட்டாம நிக்குது, பார்க்கவே எனக்குக் கை துடிக்குது."

அந்தக் காட்டுக்கும் ஒரு வரலாறு இருந்தது. செங்கல் சூளைக்காரருக்கு மூன்று மருமகன்கள். கிழவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது மூவரும் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு போய் அந்த நிலத்தை மனை மனையாக அளந்திருக்கிறார்கள். கிழவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து உட்கார்ந்தவர் முதல் வேலையாக மேடு, காடு, சதுப்பு எல்லாவற்றையும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். எந்தக் காலத்திலும் எவனும் அதில் ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டக் கூடாது. அப்படியாக மருமகன்கள் மேலிருந்த கடுப்பில் ஒரு காடு பிழைத்தது. அறக்கட்டளைக்காரர்கள் மஞ்சள், நீலம், சிவப்பு என்று கம்பம் நட்டுத் தடங்கள் பிரித்து, வாசலில் ஒரு பெரிய பலகையில் பறிக்காதே, எறியாதே, கத்தாதே, தடம் விட்டு இறங்காதே என்று எழுதி வைத்தார்கள். மாமனார் குரல் அந்தப் பலகையில் அப்படியே இருந்தது.

மஞ்சள் தடம் சுற்றி வர அரை மணி நேரம் ஆகும். முதல் ஞாயிற்றுக்கிழமை லிஃப்டுக்காரரும் கத்திரியும் போய்விட்டு வந்து, ஏதோ மலையை ஜெயித்தவர்கள் மாதிரி மகன் வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள். அதைச் சம்பந்தி கேட்டுவிட்டார். அடுத்த வாரம் அவர் வந்து இறங்கியபோது காலில் கணுக்கால் மூடும் பூட்ஸ், தலையில் கயிறு கட்டிய தொப்பி, கையில் மடக்குக் கோல், கழுத்தில் பைனாகுலர். அரை மணி நேரத் தடத்துக்கு ஆறு மாதத்துக்கான சாமான். கூடவே பிளாஸ்க் தூக்கிக்கொண்டு அவருடைய தங்கை.

தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றவள். ஊசி போடும் அறையிலேயே காலம் முழுக்கக் கழித்தவள். ஊரில் பாதிப் பேருடைய பின்பக்கம் அவளுக்கு அத்துப்படி; முகத்தைப் பார்த்தால்தான் யாரென்று யோசிப்பாள். புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தாள். நர்ஸ்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல அவளையும் ஊரே சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அண்ணன்கூட அப்படித்தான். "சிஸ்டர், டீ" என்பார். காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் அவருடைய பேச்சில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான்.

இரண்டாவது வாரமே அவள் பிளாஸ்க்கை அண்ணன் தோளில் மாட்டினாள்.

"இத்தனை சாமான் தூக்கறே, இதையும் தூக்கு."

"நான் பறவை பார்க்க வேண்டாமா?"

"பறவை உன்னைப் பார்த்தாப் போதும். அதுக்கு நல்லாப் பொழுது போகும்."

லிஃப்டுக்காரர் மனசு வழுக்கி விழுந்த இடம் நீலத் தடம். அதில் ஒரு மேடு உண்டு. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே, "இது எத்தனை மாடி இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். பின்னாலிருந்து சிஸ்டர், "எட்டு மாடி. ஆனா நடுவுல நின்னுடும்" என்றாள். சொன்னபடி பாதி மேட்டில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, "லிஃப்ட் நின்னுடுச்சு, உள்ள ஆள் இருக்கு, யாராவது வாங்க" என்று கூவினாள். கத்தாதே என்று போட்டிருந்த பலகைக்குப் பக்கத்திலேயே. லிஃப்டுக்காரர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, அவள் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது தட்டின இடத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

கத்திரிக்கு இது இரண்டே வாரத்தில் தெரிந்துபோயிற்று. தலையைக் குனிய வைத்து, கழுத்தில் கத்தியையும் வைத்துவிட்டுக் கேட்டால் யார்தான் மறைப்பார்கள்?

"கேட்டுடு."

"எப்படிடா கேட்கறது? மூஞ்சியைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது. அதுவும் சிஸ்டர் வந்து..."

"முதல்ல அந்த சிஸ்டரை விடு. சிஸ்டர் சிஸ்டர்னு கூப்பிட்டுட்டு இருந்தா எப்படிடா விளங்கும்? ஆனா ஒண்ணு கவனிச்சியா? என்னைப் பார்த்தா அண்ணேங்கறாங்க. வாட்ச்மேனைப் பார்த்தா அண்ணேங்கறாங்க. டீக்கடைக்காரனுக்குப் பேரன் வயசு, அவனும் அண்ணன். உன்னை மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அண்ணேன்னு சொல்லியிருக்காங்களா? லிஃப்டுக்காரரேன்னுதானே கூப்பிடறாங்க?"

லிஃப்டுக்காரர் அன்று ராத்திரி முழுக்க அதை நினைத்துப் பார்த்தார். உண்மைதான். அண்ணே வரவே இல்லை.

இருந்தாலும் பயம் சும்மா விடுமா? மருமகளுக்கு அவள் சொந்த அத்தை. கேட்டு அவள் முடியாது என்றுவிட்டால் மகன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது? ஞாயிற்றுக்கிழமை நடையும் போச்சு. கேட்காவிட்டால்? அதற்கும் ஒரு முடிவு வந்து சேர்ந்தது. சிவப்புத் தடத்துக்குப் போக வேண்டிய வாரத்தில் காரில் ஏறும்போதே சிஸ்டர் சொன்னாள்:

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. வெளியூர்ல ஒரு முதியோர் இல்லம், மேற்பார்வைக்குக் கூப்பிடறாங்க. அங்கயே தங்க வீடும் உண்டு. இந்த வாரத்தோட எனக்கு நடை சரி. அடுத்த ஞாயிறு பெட்டி கட்டணும்."

"பைத்தியமா உனக்கு? இந்த வயசுல எதுக்கு வேலை?" என்றார் சம்பந்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"உன் வீட்ல பார்க்கறதுக்குப் பேரென்ன?"

பின்சீட்டில் கத்திரியின் முழங்கை லிஃப்டுக்காரரின் விலாவில் இறங்கியது. இன்றைக்கு விட்டால் இல்லை.

சிவப்புத் தடம் சதுப்பை ஒட்டிப் போகிறது. அதன் நடுவில் பறவை பார்க்க ஒரு மரக்கோபுரம். பறவைகள் மனிதர்களைப் பார்த்து மிரளாமல் இருக்க நான்கு பக்கமும் பலகை அடித்து மூடியிருப்பார்கள். இந்தப் பக்கம் ஏற ஒரு படிக்கட்டு, அந்தப் பக்கம் இறங்க ஒரு படிக்கட்டு, அம்புக்குறி போட்டு. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தார் லிஃப்டுக்காரர். இருட்டு. மரத்தின் வாசனை. உச்சியில் ஒரு சதுர வெளிச்சம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது குழிதான். மேலே மெஷின் ரூம்தான். இங்கே பேச்சு வரும்.

வெளியே வந்து கத்திரியிடம் சொன்னார். கத்திரி உடனே திட்டம் போட்டான். சிஸ்டரைத் தனியாக மேலே ஏறவிட வேண்டியது. சம்பந்தியைத் தான் கோபுரத்தின் அந்தப் பக்கம், தண்ணீரோரம் கூட்டிக்கொண்டு போய் ஏதாவது பறவையைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியது. இவர் அடியில் நின்று மேலே பார்த்துக் கேட்டுவிட வேண்டியது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடாதே. சிஸ்டர்னு வாய் தவறி வந்துடும். நேரா விஷயத்துக்கு வா."

சிஸ்டர் மேலே ஏறினாள். கத்திரி சம்பந்தியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். லிஃப்டுக்காரர் கோபுரத்துக்குள் போய்ப் பலகையில் நெற்றியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். ஒத்திகை கொஞ்சம் நீண்டுவிட்டது.

அந்த நேரத்தில் அந்தப் பக்கம் நடந்தது இது. கத்திரி ஒரு புதரைக் காட்டி, "அதோ, கழுத்து மட்டும் நீலமா, உலகத்துலயே நாலுதான் இருக்காம்" என்று அளந்துவிட்டான். அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். சம்பந்தி பைனாகுலரைத் திருகிப் பார்த்தார். இல்லாத பறவை தெரியவில்லை. "கீழேயிருந்து தெரியாதய்யா, உசரத்துலேருந்து பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, இறங்கும் படிக்கட்டில் அம்புக்குறிக்கு எதிராகத் திடுதிடுவென்று ஏறிப் போய்விட்டார். பாதிப் படியில் தங்கை எதிரே இறங்கி வந்தாள்.

"எங்க போறே?"

"பாத்ரூமுக்கு. அதுக்கும் உன்கிட்ட டோக்கன் வாங்கணுமா?"

சம்பந்தி உச்சிக்குப் போனார். சிஸ்டர் கீழே வந்து, கத்திரியைக் கடந்து, மரங்களுக்கு அப்பால் இருந்த கழிப்பறையைப் பார்த்து நடந்தாள். கத்திரிக்கு அவள் தலை மறைந்த பிறகுதான் மேலே யார் இருக்கிறார்கள் என்பது உறைத்தது. கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான். ஓடிப் பழக்கமில்லாதவன், காலெல்லாம் சேறு.

உள்ளே லிஃப்டுக்காரர் ஒத்திகையை முடித்துவிட்டார். மேலே பலகையில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு மனுஷன் தன் தொழிலில் தலை நரைக்கும்வரை ஒருமுறைகூட மீறாத சட்டத்தை அந்த ஒரு நிமிஷம் மறந்தார். மேலே யாரு என்று கேட்கவில்லை.

"கவனமாக் கேளுங்க," என்று குரல் எழுப்பினார். "நடுவுல நிறுத்தினா எனக்கு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இத்தனை வாரமா உங்ககூட நடந்துட்டு இருக்கேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நாளா இருக்கு, மத்ததெல்லாம் சும்மா காலண்டர்ல கிழிக்கறதுக்கு. நல்லா சமைப்பேன். பாத்திரம் கழுவுவேன். துணி காயப்போட்டு மடிச்சு வைப்பேன். குறட்டை உண்டு, மறைக்கலை. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

மேலே பலகை ஒருமுறை கிரீச்சிட்டது. அதை அவர் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார். வாசலில் வந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்த கத்திரியை அவர் பார்க்கவில்லை. கண்தான் மூடியிருந்ததே.

"உங்க அண்ணனை நினைச்சு யோசிக்காதீங்க. அந்தத் தொப்பியைக் கழட்டினா அவரும் மனுஷன்தான். பேசிப் புரிய வச்சிடலாம். அவருக்கு டீ போட்டுப் போட்டே உங்க காலம் போகணுமா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டு வந்துடுங்க."

உச்சியில் இருந்த சதுர வெளிச்சத்தில் ஒரு தொப்பி மெதுவாக எட்டிப் பார்த்தது. தொப்பிக்குக் கீழே பைனாகுலர் ஊசலாடிற்று.

"சம்பந்தி," என்றது மேலேயிருந்து வந்த குரல். "அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

அதற்கப்புறம் கோபுரத்துக்கு வெளியே நடந்ததைப் பறவைகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும். சம்பந்தி பூட்ஸால் தரையை உதைத்தார். மடக்குக் கோல் தானாக மடங்கிக்கொண்டது.

"பொண்ணு குடுத்த இடம்னு மரியாதை வச்சா, இதுவா புத்தி? என் பொண்ணு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

லிஃப்டுக்காரர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொன்னது கத்திரி.

"முறையில என்ன கோளாறு? உங்க பொண்ணுக்கு இவன் மாமனார், மாமான்னு கூப்பிடுது. அத்தை புருஷன் ஆனா என்னன்னு கூப்பிடும்? மாமா. ஒரு எழுத்து மாத்த வேண்டாம். இத்தனை பொருத்தமா எந்தக் கல்யாணம்யா அமையுது?"

சம்பந்தி வாயைத் திறந்தார், மனசுக்குள் உறவுமுறையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார், எங்கேயும் இடிக்கவில்லை. அது அவருக்கு இன்னும் கோபமாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிஸ்டர் வந்து சேர்ந்தாள். மூன்று ஆண்களும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

கத்திரியால் அடக்க முடியவில்லை. "தங்கச்சி, இவன் உங்களைக் கட்டிக்கறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டான். உங்ககிட்ட சொல்றதாத்தான் ஏற்பாடு. ஆள் மாறிப்போச்சு."

"நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் சம்பந்தி.

"உன்னையா கேட்டார்?"

"என்னைத்தான் கேட்டார்! மேலே நான்தானே இருந்தேன்?"

"அப்ப அது உன் பதில். நீ கட்டிக்க வேண்டாம்." அவள் லிஃப்டுக்காரர் முன்னால் வந்து நின்றாள். "என்கிட்ட என்ன கேட்கணுமோ கேளுங்க."

முகம். நேருக்கு நேர். கண் இரண்டும் அவரையே பார்த்துக்கொண்டு. லிஃப்டுக்காரர் வாயைத் திறந்தார். தொண்டைக்குள் ஏதோ ஒரு கதவு திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

"செருப்பு... புதுசா?" என்றார்.

அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு, "போன வருஷம் வாங்கினது" என்று சொல்லிவிட்டு, திரும்பி, கார் நிற்கும் இடத்துக்குப் போகும் பாதையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பாதை சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதை. ஒரு ஆள் அகலம். இரண்டு பக்கமும் தலைக்கு மேல் நாணல், பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவு தாண்டினால் முன்னால் போகிறவர் தெரிய மாட்டார். லிஃப்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். இரண்டு வளைவு தாண்டியதும் நாணலும் பலகையும் மட்டுந்தான் இருந்தன. பலகையில் அவளுடைய காலடிச் சத்தம் கேட்டது. நின்றார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"முன்னாடி யாரு?"

காலடி நின்றது.

"வேற யாரு? நான்தான்."

"தனியாவா?"

"தனியாத்தான். எங்கண்ணன் பின்னால நின்னு கத்தறது உங்களுக்கே கேட்கலையா? சொல்லுங்க. அவன்கிட்ட சொன்னதுல ஒண்ணும் குறைக்கக் கூடாது."

அவர் சொன்னார். சமையல், பாத்திரம், துணி, குறட்டை. காலண்டர் கிழிப்பது. அண்ணன் தொப்பி வரைக்கும் வந்தபோது முன்னால் நாணல் குலுங்கியது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பலகையின் இடுக்கில் தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வேலைக்குப் போறேன். அதுல மாத்தமில்லை," என்றாள் அவள். "ஒருத்தர் வீட்ல இருந்து கிளம்பி இன்னொருத்தர் வீட்டுக்குப் போறதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டேன்? வேலைக்குச் சேர்ந்த காலத்துலேருந்து யாரோ ஒருத்தர் வீட்லதான் இருக்கேன். மாமியார் வீடு, அப்புறம் அண்ணன் வீடு. அங்க ரெண்டு ரூம் குடுக்கறாங்க. என் பேர் போட்ட கதவு. நீங்க அங்க வந்து இருப்பீங்களா? மகனையும், கத்திரி அண்ணனையும், இந்தக் காட்டையும் விட்டுட்டு, என் வீட்டுக்கு?"

இதை அவர் ஒத்திகையில் எங்கேயும் பார்க்கவில்லை. தன் வீட்டு ஹாலில் அவளுக்கு எந்த நாற்காலி என்பதுவரை யோசித்து வைத்திருந்தார். நாற்காலியோடு தானே கிளம்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. கத்திரி இல்லாத ஒரு ஊரில் யார் முடி வெட்டுவார்கள்? மகன் என்ன சொல்வான்? கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்தவர்கள், பொண்டாட்டி வீட்டோடு போய்விட்டான் என்று எத்தனை வருஷம் சொல்லிச் சிரிப்பார்கள்?

"கஷ்டம்தான்," என்றாள் நாணலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரை உலுக்கியது. "பரவாயில்லை. கேட்டதே போதும்."

காலடி மறுபடி நடக்க ஆரம்பித்தது. ஒரு பலகை, இன்னொரு பலகை. சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

"நில்லுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் சதுப்பில் இருந்த அத்தனை கொக்கும் எழும்பிவிட்டது. "அந்த ஊர்ல நடக்கறதுக்கு இடம் இருக்கா?"

"ஏரி இருக்காம். சுத்திப் பாதை போட்டிருக்காங்களாம்."

"அப்ப வர்றேன்."

காலடி கேட்டது, இந்தத் தடவை திரும்பி வந்தது. வளைவில் அவள் முகம் தெரிந்ததும் அவர் வழக்கம்போல ஊமையானார். அவள் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "வாங்க, அவன் கார் சாவியை எடுத்துட்டுக் கிளம்பிடப் போறான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் சம்பந்தி கிளம்பும் நிலைமையில் இல்லை. கோபுரத்தடியில் கத்திரி அதற்குள் அவருடைய மகளுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தான். அந்தப் பெண் முதலில் சிரித்தாள், அப்புறம் இன்னும் சிரித்தாள், அப்புறம், "அப்பா, அத்தைக்குச் சரின்னா எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சரிதான். நீங்க எதுக்குக் குதிக்கறீங்க? சாப்பாட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பெண்ணைச் சொல்லித் தப்பிக்க நினைத்தவருக்கு அந்த வாசலும் அடைபட்டது. பூட்ஸைத் தேய்த்துக்கொண்டு கார் வரை வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கழற்றியபின் உண்மையிலேயே கொஞ்சம் மனுஷன் மாதிரிதான் இருந்தார்.

"அங்க போய் ஒத்துவரலைன்னா?" என்று தங்கையிடம் கேட்டார்.

"ஒத்துவரலைன்னா அவர்தான் கிளம்பணும். என் வீடு அது."

சம்பந்தி அதை மென்று பார்த்தார். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். வரும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சிஸ்டர், இப்போது பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கத்திரி குதித்து முன்னால் போனான். லிஃப்டுக்காரர் அவள் பக்கத்தில், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்தார். கார் கிளம்பவில்லை. சம்பந்தி கண்ணாடியில் பின்சீட்டை வெகுநேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான்," என்றார், "கதவைச் சரியாச் சாத்துங்க. லைட் எரியுது."

கத்திரி வாயைத் திறந்தான். பின்னாலிருந்து சிஸ்டர் அவன் தோளில் ஒரு கிள்ளு கிள்ளினாள், ஊசி போட்டு ஊசி போட்டுப் பழகிய விரலால். லிஃப்டுக்காரர் கதவைத் திறந்து, மறுபடி ஓங்கிச் சாத்தினார்.